கயோட்டியைச் சுடுவதா, வேண்டாமா: முடிவெடுக்கும் முறை

பிப்ரவரி மாதத்துக் காலை ஒன்றில், வடக்குக் கலிஃபோர்னியாவின் மலைச்சரிவில் உள்ள ஓர் ஆட்டுப் பண்ணைக்குச் சென்றிருந்தேன். பிறந்து பத்து நாள்கூட ஆகாத செம்மறிக்குட்டி ஒன்று ஈரப்புல்லில் சரிந்து கிடந்தது. அதன் உரிமையாளர் துப்பாக்கியைத் தேடவில்லை. இடுப்பிலிருந்த சிறு கத்தியை எடுத்து, குட்டியின் கழுத்துத் தோலைத் தாடையிலிருந்து மார்புவரை கீறி மெதுவாக உரித்தார். வெளியே ரோமத்தில் இரண்டு சொட்டு இரத்தம்தான் தெரிந்தது. தோலுக்கு அடியிலோ, குரல்வளையின் இருபுறமும் இரத்தம் கருஞ்சிவப்பாக உறைந்து கட்டியிருந்தது. அதன் நடுவே பல் இறங்கிய துளைகள் நான்கு இருந்தன. "உயிரோடு இருக்கும்போதே கடித்திருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் வேலியைப் பார்க்க நடந்தார்.

நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த வட அமெரிக்கக் காட்டு விலங்கான கயோட்டியைச் சுட்டு அதன் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாமா என்ற வாதம் அமெரிக்காவில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. அங்கே ஆடு வளர்ப்பவரோ, உள்ளூர் நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டியவரோ, எதை முதலில் பார்த்து எதை அடுத்துக் கேட்டால் நியாயமான முடிவுக்கு வரலாம் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். என் கருத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு வட்டாரத்தின் கயோட்டி எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதற்காகக் கண்ணில் படுவதையெல்லாம் சுடுவது பலன் தராத கொலை. குறிப்பிட்ட பட்டியில் நேரும் குறிப்பிட்ட இழப்பை நிறுத்துவதற்காக, அதற்குக் காரணமான விலங்கை நீக்குவது சில சமயம் பலன் தரும். இந்த இரண்டையும் ஒன்றெனப் பேசுவதால்தான் வாதம் முடிவதே இல்லை.

விலங்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

கயோட்டி நம் நரியைவிடச் சற்றுப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. மேற்கு மாநிலங்களில் பெரும்பாலும் 9 முதல் 16 கிலோ வரை எடையிருக்கும்; கிழக்கே இருப்பவற்றில் ஓநாயின் இரத்தமும் நாயின் இரத்தமும் கலந்திருப்பதால் அவை இன்னும் பருத்தவை. ஒரு காலத்தில் மேற்குச் சமவெளியையும் பாலையையும் சார்ந்திருந்த இந்த விலங்கு, ஓநாய்கள் அழிக்கப்பட்ட பின் கிழக்கு நோக்கிப் பரவி, இன்று ஹவாயைத் தவிர எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் வாழ்கிறது.

அது பரவிய காலமும் அதைக் கொல்ல அரசு முழு மூச்சாக முயன்ற காலமும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். 1931ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கால்நடைக்குத் தீங்கு செய்யும் விலங்குகளை ஒழிக்கும் அதிகாரத்தைக் கூட்டாட்சி அரசின் வேளாண் துறைக்கு வழங்கியது. ஸ்ட்ரிக்னைன், தாலியம், 1080 எனப்படும் சோடியம் ஃபுளூரோ அசிட்டேட் ஆகிய நஞ்சுகள் தீனியில் கலந்து பல்லாண்டுகள் தூவப்பட்டன. கழுகும் நாயும் அதே தீனிக்குப் பலியானதால் எழுந்த எதிர்ப்பை அடுத்து, 1972இல் அதிபர் நிக்ஸன் கூட்டாட்சி நிலங்களில் அவற்றைத் தடுத்து ஆணையிட்டார். அதன் பிறகும் அந்தத் துறையின் வனவிலங்குச் சேவைப் பிரிவு ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 கயோட்டிகளைக் கொன்றுவருகிறது. தனியார் வேட்டையில் சாவது இதில் சேராது. இத்தனைக்குப் பிறகும் கயோட்டி குறையவில்லை. ஓநாய் நஞ்சுக்கும் பொறிக்கும் அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஏறத்தாழ முற்றிலும் அழிந்துபோனது. கயோட்டி மட்டும் ஏன் தப்பியது என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், பாதி வாதம் தீர்ந்துவிடும்.

எண்ணிக்கை ஏன் குறைவதில்லை

ஒரு கயோட்டிக் குடும்பத்துக்கு எல்லை வகுத்த நிலம் உண்டு. அதில் பொதுவாக ஒரே ஓர் இணைதான் குட்டி போடும்; கூட இருக்கும் வளர்ந்த பிள்ளைகள் இனப்பெருக்கம் செய்யாமல், இரை தேடவும் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளவும் உதவும். குளிர்காலத்தின் பிற்பகுதியில் இணைசேர்ந்து, ஏறத்தாழ 63 நாள் சுமந்து, வசந்தத்தில் ஓர் ஈற்றில் சராசரியாக ஆறு குட்டிகள் வரை ஈனும். அவற்றில் பல முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. தாண்டியவற்றில் பெரும்பகுதி இலையுதிர்காலத்தில் வீட்டைவிட்டு வெளியேறி, காலியான நிலம் தேடி நெடுந்தொலைவு அலையும்.

இந்த ஏற்பாட்டில் துப்பாக்கி நுழைந்தால் மூன்று காரியங்கள் நடக்கின்றன. தலைமை இணை செத்ததும் அடங்கியிருந்த இளம் பெட்டைகளும் குட்டி போடத் தொடங்குகின்றன. தின்னும் வாய்கள் குறைந்து ஒவ்வொன்றுக்கும் இரை கூடுவதால், பிறந்த குட்டிகளில் அதிகமானவை பிழைக்கின்றன. காலியான நிலத்துக்கு வெளியிலிருந்து அலைகுடிகள் வந்து சேர்கின்றன. டெக்சாஸில் ஆய்வு செய்த ஃபிரெட்ரிக் நோல்டன் என்ற விலங்கியலாளர் 1972இல் வெளியிட்ட கணக்கின்படி, கயோட்டி நெருக்கமாக வாழ்ந்த பகுதியில் சராசரி ஈற்று 4.3 குட்டிகள், கடுமையாகக் கொல்லப்பட்டு நெருக்கம் குறைந்த பகுதியில் 6.9. ஈற்றின் அளவு எல்லா இடத்திலும் இப்படி உயர்வதில்லை என்பதால், "ஒன்றைச் சுட்டால் இரண்டு பிறக்கும்" என்று கூட்டத்தில் யாராவது பேசினால் அதை அப்படியே ஏற்க வேண்டாம். குட்டிகள் பிழைப்பது கூடுவதும் வெளியிலிருந்து வருபவை நிரப்புவதுமே பெரிய காரணங்கள்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோனலி, லாங்ஹர்ஸ்ட் இருவரும் 1975இல் கணினி மாதிரி ஒன்றை அமைத்து, கயோட்டிக் கூட்டத்தை ஒழிக்க எவ்வளவு கொல்ல வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஆண்டுதோறும் நான்கில் மூன்று பங்கை விடாமல் கொன்றால், ஏறத்தாழ 50 ஆண்டுகளில் அந்தக் கூட்டம் அழியும் என்று விடை வந்தது. ஒரு கவுன்ட்டி, அதாவது மாவட்டம், முழுவதும் ஆண்டுக்கு முக்கால் பங்கு, அதுவும் அரை நூற்றாண்டு! வார இறுதியில் வேட்டைக்குச் செல்பவர்கள் எத்தனை பேர் கூடினாலும் அந்த அளவை எட்ட முடியாது. எண்ணிக்கையைக் காட்டி யாராவது ஒரு திட்டத்தை முன்மொழிந்தால், அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த நிலப்பரப்பில் உள்ளவற்றில் எத்தனை பங்கை, எத்தனை ஆண்டு தொடர்ந்து நீக்கப்போகிறீர்கள்?

கொன்றது யார் என்று உறுதி செய்யுங்கள்

செத்த ஆட்டின் அருகே கயோட்டியின் காலடித்தடம் இருந்தால் மட்டும் அது கொன்றதாகாது. தானாகச் செத்ததைத் தின்ன வந்திருக்கலாம். ஆகவே அந்தப் பண்ணைக்காரர் செய்ததையே நீங்களும் செய்யுங்கள். தோலை உரித்துப் பாருங்கள். உயிருள்ள உடலில் பல் இறங்கினால் தசைக்குள் இரத்தம் கசிந்து உறையும்; செத்த உடலைக் கடித்தால் துளை மட்டும் இருக்கும், இரத்தக்கட்டு இருக்காது. கயோட்டி வழக்கமாகத் தாடைக்கு அடியில், தொண்டையைக் கவ்வி மூச்சை அடைத்துக் கொல்லும்; பிறகு விலாவுக்குப் பின்னால் வயிற்றைத் திறந்து தின்னத் தொடங்கும். மிகச் சிறிய குட்டியைத் தலையில் கடிப்பதும் உண்டு. தடயமே இல்லாமல் தூக்கிச் சென்றுவிடுவதும் உண்டு. வீட்டு நாய்களின் வேலை வேறு மாதிரி இருக்கும்: தொடை, காது, விலா என்று கண்ட இடத்தில் குதறியிருக்கும், ஒரே இரவில் பல ஆடுகள் காயப்பட்டிருக்கும், தின்றது கொஞ்சமாகவே இருக்கும். தெரு நாய்களும் அயலார் நாய்களும் செய்த பழி கயோட்டியின் மேல் விழுவது அரிதன்று.

பிறந்த குட்டியானால் இன்னும் மூன்று சோதனைகள் உண்டு. நுரையீரலில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். அது மூழ்கினால், குட்டி ஒருமுறைகூட மூச்சு விடாமல் செத்தே பிறந்திருக்கிறது. குளம்பின் அடியிலுள்ள மென்மையான சவ்வு தேயாமல் இருந்தால், அது எழுந்து நடக்கவேயில்லை. இரைப்பையில் பால் இருக்கிறதா என்றும் பாருங்கள். குளிரிலும் பட்டினியிலும் செத்த குட்டிக்காகக் கயோட்டியைச் சுடுவதால் அடுத்த குட்டி பிழைக்காது.

இதைச் சொல்வதால் ஆட்டுக்காரர்களின் குறை கற்பனை என்று பொருளில்லை. அமெரிக்க வேளாண் துறையின் 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இறந்த செம்மறிக்குட்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரைகொல்லி விலங்குகளால் இறந்தவை; அவற்றிலும் பாதிக்கு மேல் கயோட்டியால். நகரத்திலிருந்து வந்து கூட்டத்தில் பேசுபவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். அதே வேளையில், 1942இல் 5 கோடியே 60 லட்சமாக இருந்த அமெரிக்கச் செம்மறிகள் இன்று ஏறத்தாழ 50 லட்சமாகச் சுருங்கியதற்குச் சந்தை விலையும் கூலியும் தீவனச் செலவும் பெருங்காரணம் என்பதையும் மறுபக்கத்தார் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்டுத் தொழிலின் எல்லா நோய்க்கும் கயோட்டி காரணமாகாது.

எது கொல்கிறது, எப்போது கொல்கிறது

கலிஃபோர்னியாவின் மென்டசீனோ கவுன்ட்டியில் ஹாப்லண்ட் என்ற ஊரில் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. அங்கே 1990களில் கயோட்டிகளுக்கு, இருக்குமிடத்தைக் காட்டும் ரேடியோ அலைக் கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், செம்மறிகளைக் கொல்பவை ஏறத்தாழ எல்லாமே அந்தந்த நிலத்தில் குட்டி போடும் தலைமைக் கயோட்டிகள் என்று கண்டார்கள். அலைந்து திரியும் இளசுகளைக் கொன்றதால் இழப்பு குறையவில்லை. குற்றம் செய்த இணையில் ஒன்றை நீக்கியபோது இழப்பு குறைந்தது அல்லது நின்றது. ஆனால் சில வாரங்களோ இரண்டொரு மாதமோ கழிந்ததும் அந்த இடத்துக்குப் புதிய இணை வந்து, கொலை மறுபடி தொடங்கியது. இந்த ஓர் ஆய்வை நன்றாக உள்வாங்கினால் போதும், வேட்டைக்காரர் சொல்வதிலும் எதிர்ப்பவர் சொல்வதிலும் உண்மை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

தலைமை இணை பெரிய இரையை ஏன் நாடுகிறது? குகையில் காத்திருக்கும் குட்டிகளுக்காக. வயோமிங்கில் குட்டிகளை மட்டும் குகையிலிருந்து நீக்கியபோது பெற்றோர் ஆடு கொல்வது வெகுவாகக் குறைந்தது. யூட்டாவில் அறுவை செய்து மலடாக்கப்பட்ட இணைகள் தம் நிலத்தை விட்டுக்கொடுக்காமல் காத்தபடியே, மற்ற இணைகளைவிடக் குறைவான செம்மறிகளைக் கொன்றன. ஆடு கொல்லாத இணை ஒன்று உங்கள் நிலத்தைச் சூழ்ந்து வாழ்ந்தால், அதை உங்கள் காவல்காரனாகவே கருதுங்கள். அதைச் சுட்டால் அந்த இடத்துக்கு வருவது எப்படிப்பட்டதாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எதிர்த்தரப்புக்கு உரிய ஒரு சான்றையும் மறைக்கக் கூடாது. யூட்டா, ஐடஹோ மாநிலங்களின் மலை மேய்ச்சல் நிலங்களில், குளிர்கால முடிவில் ஹெலிகாப்டரிலிருந்து கயோட்டிகளைச் சுட்ட இடங்களில் அடுத்த கோடையில் செம்மறிக்குட்டி இழப்பு குறைந்ததாக 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே காரியம் பலித்ததற்குக் காரணம் காலமும் இடமும்: கயோட்டி குட்டி போடப்போகும் வேளையில், மந்தை வரப்போகும் நிலத்திலேயே அது நடந்தது. அடுத்த ஆண்டு மறுபடி செய்ய வேண்டும், செலவும் மறுபடி வரும்.

முதலில் பட்டியைச் சரிசெய்யுங்கள்

கயோட்டி வேலியைத் தாண்டுவதைவிட அடியில் புகுவதையே விரும்பும். அன்று அந்தப் பண்ணையில் நாங்கள் வேலியோரமாக நடந்தபோது, மழைநீர் அரித்த ஓடை ஒன்று வலைக்கம்பிக்கு அடியில் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருந்ததைக் கண்டோம். கீழ்க்கம்பியில் சாம்பல் நிற மயிர்க்கற்றை சிக்கியிருந்தது. அதைக் கையால் தடவிப் பார்த்த உரிமையாளர், அங்கேயே கல்லை அடுக்கி, பழைய வலைத்துண்டை வெளிப்புறமாகத் தரையோடு படுக்கவைத்து முளையடித்தார். வேலி ஏறத்தாழ ஐந்தரை அடி உயரமும், ஆறு அங்குலத்துக்கு மேற்படாத கண்ணும் உடையதாய், அடியில் இப்படி வெளிப்பக்கம் விரித்த வலையோடு இருந்தால் நல்ல தடையாகும். மின்வேலியானால் முதல் மின்கம்பி தரைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். புல் வளர்ந்து அதைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும் என்பதால் வாரந்தோறும் வெட்டுங்கள்.

நிலம் முழுவதையும் அடைக்கப் பணம் இல்லையென்றால் இரவுப்பட்டியை மட்டுமாவது அடையுங்கள். குட்டி ஈனும் காலத்தில் ஆடுகளைக் கொட்டகைக்கோ வீட்டருகேயோ கொண்டுவந்து, எல்லாம் சில வார இடைவெளிக்குள் ஈனும்படி கிடாய் சேர்க்கும் காலத்தைச் சுருக்குங்கள். செத்த ஆட்டையும் நஞ்சுக்கொடியையும் மேய்ச்சல் நிலத்தில் விடவே கூடாது. செம்மறி இறைச்சியின் சுவையைக் கயோட்டிக்குப் பழக்குவது பெரும்பாலும் நாம்தான்.

காவல்நாய் வைப்பதென்றால் பொறுமை வேண்டும். கிரேட் பிரனீஸ், அனடோலியன் ஷெப்பர்டு, அக்பாஷ் போன்ற இனங்களின் குட்டியை ஏழெட்டு வார வயதிலேயே ஆட்டுக்கூட்டத்தோடு விட்டு வளர்க்க வேண்டும். முழுக் காவலனாக அது முதிர ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த லாமா என்னும் விலங்கில் காயடித்த ஆணும், கழுதையும்கூடச் சிறு மந்தைக்கு உதவும். வேலியில் கட்டும் கொடித்துணியும் மின்னும் விளக்கும் குட்டி ஈனும் சில வாரங்களுக்கு மட்டும் பயன்படும். கயோட்டி சீக்கிரம் பழகிவிடும், ஆகவே இடம் மாற்றிக்கொண்டே இருங்கள்.

கலிஃபோர்னியாவின் மரின் கவுன்ட்டி 2000ஆம் ஆண்டை ஒட்டி, கூட்டாட்சி வேட்டைப் பணியாளருக்குத் தந்த பணத்தை நிறுத்தி, அதை வேலிக்கும் காவல்நாய்க்கும் மானியமாக ஆட்டுக்காரர்களுக்கு வழங்கத் தொடங்கியது. சுடுவதை எதிர்ப்பவர்கள் எப்போதும் மேற்கோள் காட்டும் முன்மாதிரி இது. நல்ல முன்மாதிரிதான்; ஆனால் தம் நிலத்தில் தாமே சுடும் உரிமை அங்கே பண்ணைக்காரர்களுக்குத் தொடர்ந்து இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒப்பீடு நேர்மையாகும்.

சுடத்தான் வேண்டுமென்றால்

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரே இடத்தில் கொலை தொடர்ந்தால், அந்த இணையை நீக்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். கொலை நடந்த இடத்துக்கு அருகில், நடந்த சில நாட்களுக்குள், அந்த நிலத்தை நன்கறிந்தவரைக் கொண்டு செய்யுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் உரிமமும் இரவு வேட்டை விதியும் வேறுபடும். முதலில் மாநில வனவிலங்குத் துறையிடம் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வனவிலங்கைச் சுட ஈயக் குண்டு பயன்படுத்தக் கூடாது. மற்ற இடங்களிலும் தவிர்ப்பதே நல்லது, சடலத்தைத் தின்னும் கழுகு ஈயத்தால் சாகும். குறி வைப்பது கயோட்டிதானா என்பது தெளிவாகத் தெரியாவிட்டால் விசையைத் தொடாதீர்கள். வட கரோலினாவின் கிழக்கே உலகில் மிக அரிதான செவ்வோநாய்கள், கயோட்டி என்று தவறாக எண்ணிச் சுடப்பட்டதால், 2014இல் ஐந்து கவுன்ட்டிகளில் கயோட்டி வேட்டையையே நீதிமன்றம் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது.

நஞ்சை ஒருபோதும் நாடாதீர்கள். சயனைடு பீய்ச்சும் எம்-44 என்னும் பொறி 2017இல் ஐடஹோவின் போகடெல்லோ நகருக்கு அருகே ஒரு சிறுவனை நோய்ப்படுத்தி, அவன் கண்ணெதிரே அவனுடைய நாயைக் கொன்றது. நஞ்சு ஆள் பார்ப்பதில்லை.

வெகுமதியும் போட்டியும்

கூட்டத்தில் உங்கள் முன் வரக்கூடிய திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று தலைக்கு இவ்வளவு என்று பணம் தருவது. யூட்டா மாநிலம் 2012இல் மியூல் என்னும் வகை மான்களைக் காப்பதற்காகக் கயோட்டி ஒன்றுக்கு 50 டாலர் தரத் தொடங்கியது. பணம் பெற வருபவர் எளிதில் கிடைக்கும் விலங்கை, எளிதில் கிடைக்கும் இடத்தில் சுடுவார். மான் குட்டி போடும் மலையுச்சிக்கு, அதற்குரிய மாதத்தில் அவர் போக வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஐடஹோவின் தென்கிழக்கில் பல ஆண்டுகள் திட்டமிட்டுக் கயோட்டிகளை நீக்கிப் பார்த்த ஆய்விலோ, மான் குட்டிகள் சில சூழல்களில் கூடுதலாகப் பிழைத்தாலும், மான் கூட்டம் குறிப்பிடத்தக்க அளவு பெருகவில்லை. குளிரின் கடுமையே அதிகம் தீர்மானித்தது.

மற்றொன்று, அதிகம் கொன்றவருக்குப் பரிசு தரும் போட்டி. கொன்ற எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் போட்டியில், ஆடு கொன்றது எது என்ற கேள்விக்கே இடமில்லை. கலிஃபோர்னியா 2014இல் பரிசுப் போட்டிகளைத் தடை செய்தது. வெர்மான்ட், நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, நியூயார்க் உள்ளிட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. போட்டி வேண்டாம் என்று நேர்மையான வேட்டைக்காரர்கள் பலரும் சொல்கிறார்கள். கூட்டத்தில் அவர்களைப் பேச அழையுங்கள்.

நகரவாசிகளின் அச்சம் வேறு வகைப்பட்டது. கயோட்டி மனிதரைக் கொன்றதாகப் பதிவானவை இரண்டே: 1981இல் கலிஃபோர்னியாவின் கிளெண்டேலில் ஒரு குழந்தை, 2009இல் கனடாவின் கேப் பிரெட்டனில் ஓர் இளம்பெண். நகரத்தில் பிரச்சினைக்குள்ளாகும் விலங்கு பெரும்பாலும் யாரோ உணவிட்டுப் பழக்கியது. குப்பைத்தொட்டியை மூடுங்கள், பூனையை இரவில் வீட்டுக்குள் வையுங்கள், முற்றத்துக்கு வந்தால் கத்தியும் தகரத்தைத் தட்டியும் விரட்டுங்கள். மனிதரைக் கடித்த ஒன்றை மட்டும் நீக்குமாறு அதிகாரிகளைக் கேளுங்கள்.

தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்போது ஐந்து வரிகள் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்: குறைக்க நினைப்பது எந்த இழப்பை, அது கடந்த ஆண்டு எவ்வளவு, எப்படி உறுதி செய்யப்பட்டது, பணத்தில் எத்தனை பங்கு வேலிக்கும் காவல்நாய்க்கும் போகிறது, அடுத்த ஆண்டு எந்தத் தேதியில் அதே கணக்கை அதே முறையில் எடுத்து, அதே மேசையில் மறுபடி வைப்பார்கள். தேதி இல்லையென்றால், அதை எழுதும்வரை வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.